பதினொன்றரை வெள்ளி

மாதத்துக்கு முப்பத்தொன்றாம் தேதி என்று ஒன்று உண்டு என்பதை அவர் மறந்துவிட்டார். ஊரில் உட்கார்ந்து, மாதம் முப்பது நாள், நாளுக்கு இருபது காசு, ஆகச் சாப்பாட்டுக்கு ஆறு வெள்ளி என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறியவர். பினாங்குக்கு வந்த முதல் மாதமே முப்பத்தொன்று வந்து நின்றது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் வந்த முப்பத்தொன்றுகளிலும், மார்ச் தவிர, சாப்பிடவில்லை. பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு பூகோளப் புத்தகத்தை உரக்கப் படிப்பார். வயிறு தரையில் அழுந்தியிருந்தால் பசி தெரியாதாம்.

குயின் தெருவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் எங்கள் அறை. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். நான் சுமத்ராவில் மேடானிலிருந்து படிக்க வந்தவன். அப்பா அங்கே மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். மகன் டச்சுக்காரனிடம் கைகட்டி நிற்காமல் பினாங்கில் இங்கிலீஷ் படித்துக் குமாஸ்தா ஆகட்டும் என்று அவருக்கு ஆசை. அறையில் என்னோடு இருந்தவர் நாகப்பட்டினத்துக்காரர். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் நான் அண்ணே என்பேன். வகுப்பில் மற்றவர்கள் வைத்த பெயர் ‘பதினொன்றரை’. அவருக்கு மாதாமாதம் கிடைத்த பணம் அது. பதினொன்றரை வெள்ளி.

அறை வாடகையில் அவர் பங்கு இரண்டு வெள்ளி. பள்ளிக்கூடச் சம்பளம் இரண்டரை. சாப்பாடு ஆறு. வண்ணார், நாவிதர், மண்ணெண்ணெய், சோப்பு, நோட்டு, தபால்தலை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வெள்ளி. அவ்வளவுதான். முதல் தேதி கடைத்தெருவில் ஒரு வெங்காயக் கடைக்குப் போய் அந்தப் பணத்தை வாங்கி வருவார். அவருடைய அத்தான் நாகப்பட்டினத்திலிருந்து அந்தக் கடைக்குச் சரக்கு அனுப்புகிறவர். சரக்குப் பணத்தில் கழித்துக்கொள்ள ஏற்பாடு. ஆறு வெள்ளியைச் சில்லறையாக மாற்றிப் பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்து முப்பது பொட்டலம் மடிப்பார். ஒவ்வொன்றிலும் இரண்டு பத்துக் காசு, ஒன்று மதியத்துக்கு, ஒன்று இரவுக்கு. மேலே தேதி எழுதித் தகரப் பெட்டியில் அடுக்குவார். நான் பார்த்துப் பார்த்துச் சிரிப்பேன். எனக்கு அப்பா அனுப்புகிற டச்சு கில்டர் பணத்துக்கு அப்போது வெள்ளி கூடவே கிடைத்தது. ஆனாலும் பதினைந்தாம் தேதிக்கு மேல் என் சட்டைப்பையில் நூல்தான் இருக்கும். பயாஸ்கோப்பும் பிஸ்கட்டும் தின்றது போகத்தான் மற்றதெல்லாம்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். சொன்னார். அவருடைய அப்பா ஊரெல்லாம் கடன் வைத்துவிட்டுச் செத்துப்போனவர். அதனால் அத்தானுக்கு அந்தக் குடும்பத்தின் மேலேயே நம்பிக்கை கிடையாது. படிக்க அனுப்பச் சொல்லி அக்காதான் புருஷனிடம் கெஞ்சிக் கூத்தாடி வழி பண்ணியிருக்கிறாள். அத்தான் மாதச் செலவை எழுதிக் கொடு என்று கேட்டார். இவர் எழுதினார். கீழே, இதற்கு மேல் ஒரு காசு கேட்கமாட்டேன், யாரிடமும் கடன் வாங்கமாட்டேன், யாரிடமும் கை நீட்டிச் சாப்பிடமாட்டேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது போதாது என்று அக்காவும் எல்லோர் முன்னாலும் வாயை விட்டிருக்கிறாள்.

“எந்தம்பி இதுக்கு மேல ஒரு காசு கேட்டா, என்னை எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னு சொல்லிருச்சு தம்பி.”

“பேச்சுக்குச் சொல்றதுதானேண்ணே?”

“அந்த வீட்டுல பேச்சுக்குன்னு எதுவும் கெடயாது,” என்றார்.

நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பதினாறு வயதில் யாருடைய அக்கா யார் வீட்டில் இருந்தால் எனக்கென்ன.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது கடைத்தெரு வழியாக வரமாட்டார். அந்த வழி வந்தால் பத்து நிமிஷம். அவர் கடலோரக் கிடங்குகளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வருவார், அரை மணி. கடைத்தெருவில் வடை போடுகிறவன் இருக்கிறான், சீனன் வேர்க்கடலை வறுக்கிறான், மூலையில் ஒருவன் தேங்காய்ப்பாலும் பனிக்கட்டியும் போட்ட செண்டோல் விற்கிறான். கிடங்குப் பக்கம் கொப்பரை நாற்றமும் கருவாட்டு நாற்றமும்தான். “அங்க மூக்குக்குச் செலவு இல்ல பாரு,” என்பார். நான் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தால் குடிக்கமாட்டார். திருப்பி வாங்கிக் கொடுக்க அவருடைய கணக்கில் இடம் இல்லை. கஞ்சன் என்று பையன்கள் சொல்வார்கள். சும்மா சொல்லக்கூடாது, கஞ்சன் என்றால் மிச்சம் பிடிக்கிறவன். இவரிடம் மிச்சமே கிடையாது. இருபது காசுக்கு இருபது காசும் சாப்பிட்டுவிடுவார். கூட ஒன்றும் ஆகக்கூடாது, அவ்வளவுதான்.

ஒரு தடவை விளையாட்டாக ஒரு காரியம் செய்தேன். அவர் குளிக்கப் போன நேரம் பதினெட்டாம் தேதிப் பொட்டலத்தைப் பிரித்து என் காசில் ஒரு பத்துக் காசை உள்ளே வைத்து மடித்துவிட்டேன். சந்தோஷப்படுவார், ஒரு நாளாவது கூட ஒரு வடை தின்பார் என்று எண்ணம். பதினெட்டாம் தேதி பிரித்தவர் முகம் செத்துவிட்டது. மூன்று பத்துக் காசையும் பாயில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மிச்சப் பொட்டலங்களையெல்லாம் பிரித்து எண்ணினார். வெங்காயக் கடைக்கு ஓடினார். அவர்கள் கணக்கில் பிசகு இல்லை என்றார்கள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. குறைந்திருந்தால் நான் தொலைத்தேன் என்று இருந்துவிடலாம், கூட இருந்தால் யாருடையது என்று யாருக்குப் பதில் சொல்வது என்று புலம்பினார். நான்தான் வைத்தேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாலாம் நாள் அந்தப் பத்துக் காசை மாரியம்மன் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினார்.

ஆனால் பிப்ரவரி வந்தால் ஆளே வேறு. இருபத்தெட்டு நாள், இரண்டு பொட்டலம் மிச்சம். ஒன்றை மார்ச் முப்பத்தொன்றுக்கு எடுத்து வைத்துவிடுவார். மற்றதில் எனக்கு விருந்து. இருபது காசையும் கையில் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு மட்டும் கடைத்தெரு வழியாக, மாப்பிள்ளை மாதிரி நடந்து வருவார். ஆளுக்கு இரண்டு வடை, ஆளுக்கு ஒரு குவளை செண்டோல். மிச்சக் காசுக்கு வறுத்த கடலை. “நல்லா சாப்பிடு தம்பி, நம்ம காசு,” என்பார். அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

கடைசி வகுப்பில் சனவரி மாதம் வாத்தியார் வந்து, வருஷக் கடைசியில் கேம்பிரிட்ஜ் பரீட்சை, அதற்குக் கட்டணம் இருபத்தொரு வெள்ளி, ஜூலைக்குள் கட்டவேண்டும் என்று சொன்னார். பரீட்சைக்கென்று தனியாகப் பணம் கட்டவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடச் சம்பளத்திலேயே எல்லாம் அடக்கம் என்று நினைத்துத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் குமாஸ்தா வேலை கிடையாது. குமாஸ்தா வேலை இல்லாவிட்டால் நாலு வருஷம் அத்தான் போட்ட பணம் கடலில் போட்டது. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். நாளுக்குப் பத்துக் காசு, மாதம் மூன்று வெள்ளி, ஏழு மாதத்தில் இருபத்தொன்று. கணக்கு அச்சாக வந்தது. அது சரியாக வந்ததுதான் வினை. இரண்டு வெள்ளி துண்டு விழுந்திருந்தால் வேறு வழி யோசித்திருப்பார் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

என் காசை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதல் தேதியே கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை. கடன் வாங்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றார். கடன் இல்லை, சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கை நீட்டமாட்டேன் என்றும் எழுதியிருக்கிறேனே என்றார். யாருக்குத் தெரியப்போகிறது என்று கத்தினேன். அக்கா கேட்டால் இல்லை என்று சொல்ல வராது என்றார். அதற்கு மேல் அந்த மனுஷனிடம் என்ன பேசுவது.

சித்திரையில் அவர் கால் இரண்டும் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே இருந்தது. மே மாதம் ஒரு காலை பள்ளிக்கூடப் படியில் ஏறும்போது விழுந்துவிட்டார். தர்ம ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். வெறும் வெள்ளரிசிச் சோறு ஒரு வேளை தின்றால் இப்படித்தான் ஆகும், பாசிப்பயறு, முட்டை, பால் எல்லாம் இரண்டு மாதம் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் இதயம் நின்றுபோகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சேர்த்து வைத்திருந்த பன்னிரண்டு வெள்ளியை எடுத்துப் பாலும் முட்டையும் வாங்கினார். வேறு வழி இல்லை. ஒவ்வொரு முட்டையையும் உரிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

“பரீட்சைப் பணத்தைத் தின்னுக்கிட்டிருக்கேன் தம்பி,” என்றார் ஒரு நாள்.

“அத்தானுக்கு எழுதுங்கண்ணே. இந்த ஒரே ஒரு தடவை.”

“என்னன்னு எழுத? அக்காவ வீட்டை விட்டு அனுப்பிடுங்கன்னா?”

அவர் ஊருக்கு எழுதுகிற கடிதங்களை நான் படித்திருக்கிறேன். மறைக்கமாட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள்கூட, நான் நலம், சாப்பாடு நன்றாக இருக்கிறது, உடம்பு சதை போட்டிருக்கிறது, வெங்காயக் கடைக்காரர் மிகவும் மரியாதையுள்ளவர் என்று எழுதினார். ஊர் நோட்டீஸ் மாதிரி எழுதுகிறீர்களே என்று கேலி பண்ணினேன். அவர் உறையை ஒட்டினார். ஏன் அப்படி எழுதுகிறார் என்று அன்றைக்குக் கேட்டிருக்கலாம் நான்.

கேட்கவில்லை. எனக்கோ மூளை வேலை செய்துவிட்டது. கேட்டால்தானே குற்றம்? அவர் கேட்கவில்லையே, நான்தானே கேட்கிறேன்! அக்கா சொன்ன வார்த்தைக்கும் பழுதில்லை, அத்தானுக்கும் விஷயம் தெரிந்துவிடும். வக்கீல் மாதிரி யோசித்துவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அவர் தூங்கியபோது அவருடைய கடித உறையிலிருந்து விலாசத்தை எழுதி எடுத்துக்கொண்டு, ஆற்றங்கரை மாதிரி நீளமாக நாலு பக்கம் எழுதினேன். தமிழ் எனக்கு நன்றாக வரும். மேடானில் அப்பா வாத்தியார் வைத்துச் சொல்லிக் கொடுத்தது. கல்லும் கரைகிற மாதிரி எழுதவேண்டும் என்று எழுதினேன். இருபது காசில் இங்கே ஒரு நாய்கூட வளர்க்க முடியாது என்று எழுதினேன். உங்கள் மைத்துனர் பசியால் படியில் விழுந்தார், அவர் காலை அழுத்தினால் குழி விழுகிறது, உங்கள் மனைவி கொடுத்த வாக்குக்காகவே வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்று எழுதினேன். பரீட்சைக்கு இருபத்தொரு வெள்ளி வேண்டும் என்றும் எழுதினேன். இந்தக் கடிதம் தங்கள் பார்வைக்கு மட்டும் என்று மேலே கோடு போட்டு எழுதித் தபாலில் சேர்த்தேன்.

ஜூலை பத்தாம் தேதி வாக்கில் வெங்காயக் கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். இருவரும் போனோம். கடைக்காரர் அன்றைக்குத்தான் கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து திரும்பியிருந்தார். இருபத்தொரு வெள்ளியை எண்ணி மேசை மேல் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை, பார்த்தீர்களா அண்ணே என்று அவர் தோளைத் தட்டினேன். அவர் பணத்தைத் தொடவில்லை. கடைக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். அத்தானுக்கு எழுத்து வாசனை கிடையாது. அக்கரையிலிருந்து தபால் வந்தால் கடையில் கணக்குப்பிள்ளைதான் பிரித்து உரக்கப் படிப்பார். கடையில் இருக்கிறவர்கள், தெருவில் போகிறவர்கள் எல்லோரும் நின்று கேட்பார்கள். அங்கே அதுதான் வழக்கமாம். அக்கரைக் கடிதம் என்றால் தெருவுக்கே கடிதம். அன்றைக்குச் சந்தை நாள் வேறு. கணக்குப்பிள்ளை நாலு பக்கத்தையும், தங்கள் பார்வைக்கு மட்டும் என்பதிலிருந்து தொடங்கி, ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டார். நாய் வந்த இடத்தில் யாரோ சிரித்திருக்கிறார்கள். அத்தான் எழுந்து இருபத்தொரு வெள்ளிக்கு உத்தரவு எழுதச் சொன்னார். அப்புறம் வீட்டுக்குப் போனார்.

“‘தம்பிக்குச் சோறு போடாதவன் வீட்டுல அக்காவுக்கு என்ன வேலை’ன்னு கேட்டாராம் தம்பி,” என்றார் கடைக்காரர். “அன்னிக்கே வண்டி பூட்டி அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாரு. நாலு வயசுப் பையனை மட்டும் விடல.”

கடிதம் யார் எழுதினது என்று கடைக்காரர் கேட்கவும் இல்லை. கேட்கத் தேவையில்லை, அடியில் என் பெயரை அழகாக எழுதியிருந்தேனே. மேடானில் பிறந்து வளர்ந்த எனக்கு உறை ஒட்டினால் அது ஒருவனுக்குத்தான் என்று எண்ணம். அவர் நாலு வருஷமாக நலம் நலம் என்று எழுதியது யாருக்காக என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு தெருவே நின்று கேட்கும் என்று தெரிந்து எழுதியிருக்கிறார்.

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. பணத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிடங்குப் பக்கமாக நடந்தார். நான் பின்னால் அழுதுகொண்டே போனேன். பாதி வழியில் நின்று, “நீ நல்லதுக்குத்தான் எழுதின,” என்றார். பணத்தைத் திருப்பி அனுப்பினாலும் அக்கா அந்த வீட்டுக்குள் போகமுடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வாரக் கடைசியில் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டினார். நான் வாத்தியார் மேசை பக்கத்தில் நின்று பார்த்தேன். ரசீதில் பெயரை எழுத அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

இருவரும் தேறினோம். அவருக்கு ஒரு கப்பல் கம்பெனிக் கிடங்கில் முப்பத்தைந்து வெள்ளிச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அவரோ அதே அறையில், அதே பதினொன்றரையில் இருந்தார். பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு வைத்த இரண்டரையைக்கூட மாற்றவில்லை, கிழமைக்கு இரண்டு முட்டை என்று அதில் எழுதிக்கொண்டார். மற்றதையெல்லாம் அத்தானுக்கு அனுப்பினார். நாலு வருஷத்தில் அவர் போட்டது அத்தனையையும் தீர்த்துவிட்டால் அக்காவைக் கூப்பிட்டுக்கொள்வார் என்று நம்பினார். அத்தான் பணத்தை வாங்கிக்கொண்டார். அக்காவைக் கூப்பிடவில்லை. இவர் எழுதுகிற கடிதங்கள் பிரிக்காமல் திரும்பி வந்தன. ஊரில் அம்மாவும் இறந்துபோகவே, அக்கா ஒரு நாள் கப்பல் ஏறித் தம்பியிடம் வந்து சேர்ந்தாள்.

நான் அப்போது எதிர்க்கரையில் பாகான் டாலாமில் வேலையாக இருந்தேன். வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டும் இரண்டு மாதம் போகவில்லை. அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்று. போனேன். அந்த அம்மாளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு சொல் குத்திப் பேசவில்லை. இலை போட்டு, மீன் குழம்பு ஊற்றி, இன்னும் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டே இருந்தாள். என் பயம் மெல்ல இறங்கிற்று. பரவாயில்லை, மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

“தம்பி, பையனுக்கு ஆறு வயசு முடியப்போவுது. ஒரு தடவை பாத்துட்டு வர விடுவாங்களான்னு கேட்டு நீங்க ஒரு கடிதாசி எழுதித் தர்றீங்களா? இவன் எழுதுனா பிரிக்கவே மாட்டாங்க. நீங்க எழுதுனதைத்தான் அவங்க கடைசி வரைக்கும் கேட்டாங்களாம்.”

கேலியில்லை. முகத்தைப் பார்த்தேன், உண்மையாகத்தான் கேட்டாள். யோசித்து வைத்திருந்து கேட்கிற முகம். எழுதுகிறேன் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன்.

“வேணாங்கா,” என்றார் அவர். என் பக்கம் பார்க்கவில்லை. “தம்பி எழுத வேணாம்.”

அவர் என்னைக் குறையாகச் சொன்ன ஒரே வார்த்தை அது. அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள், எழுந்து போய் ரசம் கொண்டுவந்தாள். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அந்த வீட்டில் மிச்சம் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.